நேர்மின் புரதமும் அறிவியல் தமிழும்

அறிவியல் தமிழ் என்றவுடன் கலைச்சொற் பட்டியலே நம் நினைவுக்கு வருகிறது. மைட்டோகாண்ட்ரியாவை 'இழைமணி' என்று எழுதிவிட்டால் கடமை முடிந்தது எனக் கருதுகிறோம். அது இயங்கும் முறையைத் தமிழில் விளக்குவோர் மிகச் சிலரே.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். இழைமணிக்குச் சவ்வுகள் இரண்டு. மடிப்பு மடிப்பாக அமைந்த உட்சவ்வு, உணவின் ஆற்றலைக் கொண்டு புரோட்டான்களை வெளியே தள்ளுகிறது. அவை திரும்பிவரும் விசையில் ஏ.டி.பி. உருவாகிறது. 1961இல் இக்கொள்கையை முன்வைத்த பீட்டர் மிட்செல் 1978இல் நோபல் பரிசு பெற்றார்.

உட்சவ்விலுள்ள கார்டியோலிபின் என்னும் கொழுப்பு எதிர்மின்னூட்டம் உடையது. ஆதலின், லைசின், ஆர்ஜினின் மிகுந்த நேர்மின் புரதங்கள் அதனை நாடி ஒட்டுகின்றன. சைட்டோகுரோம் சி இவ்வீர்ப்பினால் சவ்வை அண்டி நின்றே எலக்ட்ரான்களைக் கடத்துகிறது. அவ்வீர்ப்பே அளவு மீறின் கேடாகும். பிரித்தெடுத்த இழைமணிகளைத் தக்க உப்புக் கரைசலிலிட்டு ஹிஸ்டோனையோ பாலிலைசினையோ சேர்த்தால் சவ்வின் காவல் குலைகிறது. அயனிகள் உட்புக, நீரும் தொடர்ந்து புக, இழைமணி வீங்குகிறது. உட்சவ்வு மடிப்பு விரிந்து இடங்கொடுக்கும். மடிப்பற்ற வெளிச்சவ்வோ கிழியும். அவ்வழியே கசியும் சைட்டோகுரோம் சி உயிரணுவின் மரணத்தைத் தூண்டவல்லது என்பது 1996இல் அறியப்பட்டது.

இதனை விளக்க ஒட்டுதல், புகுதல், வீங்குதல், கிழிதல் என்னும் வீட்டுச் சொற்களே பெரிதும் உதவின. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக், கேலனின் மருத்துவ நூல்களை அரபியாக்கியபோது, சொல்லுக்குச் சொல் வைக்காமல் கருத்தை உணர்ந்து பெயர்த்தார். நமக்கும் அதுவே வழி.

தமிழ்வழி பயின்று கல்லூரிக்கு வரும் மாணவர் ஆங்கிலப் பாடநூலின் முன் வாயடைத்து நிற்கிறார். அவர் அறிவிற் குறைந்தவர் அல்லர். பொருளை உணருமுன் மொழியோடு போராட வேண்டியவர். ஆங்கிலத்தை ஒதுக்குக என்பது நம் கருத்தன்று. தாய்மொழியில் தெளிந்த பின் ஆங்கிலத்தில் கற்பது எளிது என்பதே.

எனவே தமிழ்த்துறையும் அறிவியல் துறைகளும் கூடி ஆண்டுக்கொரு சிறுநூலேனும் வெளியிட வேண்டும். மாணவர் எழுதட்டும், ஆசிரியர் திருத்தட்டும், சமுதாயப் பெரியோர் அச்சுச் செலவை ஏற்கட்டும். ஓதுதலையே முதற்கட்டளையாகப் பெற்ற சமுதாயத்திற்கு இப்பணி புதிதன்று.