ஆறு பிள்ளைகளின் விழுக்காடு



முதலாம் ஆண்டுப் பதிவுக் காலம் வந்துவிட்டால் ‘தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு’ என்னும் பதாகைகள் கோவில் வாசலிலும் சாலைச் சந்திப்பிலும் தொங்கத் தொடங்கிவிடும். அம்முழக்கத்தில் தேர்வு என்பது தெரிவு என்னும் பொருளில் வருகிறது. நம் பெற்றோர் பலர் அதனைச் சோதனை என்றே படித்துக்கொள்கின்றனரோ என்னும் ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு.

நான் பணியாற்றிய பள்ளி ஒரு செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் இருக்கிறது. முன்பு அது ரப்பர்த் தோட்டம். 2013ஆம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர் தேர்வில் எங்கள் ஆறாம் ஆண்டு மாணவர் அறுவர். ஐவர் எல்லாப் பாடங்களிலும் தேர்ச்சி. ஒருவன் மலாய்க் கருத்துணர்தலில் தவறினான். தேர்ச்சி விழுக்காடு 83.3. மறு ஆண்டு நால்வர் எழுதி நால்வரும் தேறினர். நூறு விழுக்காடு! கூட்டத்தில் எங்கள் தலைமையாசிரியருக்குப் பாராட்டு. 2015இல் ஐவர் எழுதினர், இருவர் தவறினர். அறுபது விழுக்காடு. அதே கூட்டத்தில் அதே தலைமையாசிரியர் எழுந்து நின்று விளக்கம் கூற வேண்டியதாயிற்று.

இம்மூன்று ஆண்டுகளிலும் பாடம் போதித்தவர்கள் நாங்களே. கட்டடமும் அதே கட்டடம். பிறகு எது மாறிற்று? பிள்ளைகள் மாறினர், அவ்வளவுதான். நூற்றிருபது பேர் எழுதும் நகரப் பள்ளியில் ஒரு மாணவன் தவறினால் விழுக்காட்டில் ஒன்றுகூடக் குறையாது. எங்கள் பள்ளியில் ஒருவன் தவறினால் பதினாறோ இருபதோ போய்விடும். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் மதிப்பீட்டுப் பாடம் நடத்திய விரிவுரையாளர், பத்துப் பேருக்கும் குறைந்த குழுவுக்கு விழுக்காடு கணக்கிட்டுக் காட்டாதீர்கள் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பணிக்கு வந்தபின் நானே அந்த விழுக்காட்டை வண்ணத்தாளில் வெட்டி அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். நூறு கிடைத்த ஆண்டில் சற்றுப் பெரிய எழுத்தில் ஒட்டினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2016 தொடக்கத்தில் ஒரு தந்தை மாற்றுக் கடிதம் கேட்டு வந்தார். “கோவிச்சுக்காதீங்க டீச்சர். உங்க மேல ஒரு குறையும் இல்ல. ஆனா அறுபது பெர்சண்ட்தானாமே!” என்றார். அவருடைய பிள்ளைகள் இருவரும் நன்றாகப் படிக்கக்கூடியவர்கள். அவர்கள் போனபின் அவருடைய உறவினர் வீட்டுப் பிள்ளைகள் மூவரும் போயினர். நல்ல மாணவர் ஐவர் நீங்கிய பள்ளியின் அடுத்த விழுக்காடு எப்படி இருந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஈராண்டில் மொத்த எண்ணிக்கை முப்பதுக்குக் கீழ் இறங்கியது. இணைப்பு வகுப்புகள் வந்தன. ஐந்தாம் ஆண்டுக்குப் பின்னத்தை விளக்கிவிட்டு, கரும்பலகையின் மறுபாதியில் ஆறாம் ஆண்டுக்குப் பயிற்சி எழுதிப் போடுவேன். அதைக் கண்ட பெற்றோர் இன்னும் சிலர் போயினர்.

அந்தத் தந்தையைக் குறை கூற எனக்குத் தகுதி இல்லை. என் மகளுக்கு ஏழு வயதானபோது அவளை நான் நகரத்துப் பெரிய தமிழ்ப்பள்ளியில்தான் சேர்த்தேன். வீட்டுக்கு அருகில் என்று மற்றவர்களிடம் காரணம் சொன்னேன். அது பொய்யன்று, முழு உண்மையும் அன்று. எங்கள் பள்ளியில் சேர்த்திருந்தால் முதலாம் ஆண்டில் அவள் ஒருத்தியே பெண்பிள்ளையாக இருந்திருப்பாள். ஒரு பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், பிள்ளைகளை மாற்றாதீர்கள் என்று நான் பேசி முடித்தபோது, பின்வரிசையிலிருந்து ஒரு தாய் கேட்டார்: “உங்க பிள்ளை எங்க படிக்குது டீச்சர்?” கூட்டம் சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்தேன். இன்றுவரை அவருக்கு நேர்மையான மறுமொழி சொல்லவில்லை.

வரலாற்றைச் சற்றே நினைவுகூர்வோம். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. விடுதலை பெற்ற 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று அவ்வெண்ணிக்கை 530ஐ ஒட்டியே நிற்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, குடும்பங்கள் வேலை தேடி நகரங்களுக்குப் போயின. பள்ளி மட்டும் அங்கேயே நிற்கிறது. பிள்ளைகள் இல்லாத இடத்தில் பள்ளியைக் கட்டிக் காப்பதைவிட, நம்மவர் வாழும் குடியிருப்புப் பகுதிக்கு அதனை இடம்மாற்றுவதே அறிவுடைமை என்பது என் கருத்து. இதனால் சிலர் என்மீது சினம் கொள்ளலாம்.

ஆனால், இன்னும் முப்பது நாற்பது பிள்ளைகள் வருகின்ற பள்ளிகளின் நிலை வேறு. அவற்றைத் தோட்டம் கைவிட்டதைவிட நம் கணக்கே மிகுதியாகக் கெடுத்தது. 2019இல்தான் யு.பி.எஸ்.ஆர் இறுதியாக நடந்தது. 2021இல் அதனை அகற்றுவதாகக் கல்வி அமைச்சு அறிவித்தது. இப்போது வகுப்பறை மதிப்பீடு இருக்கிறது. நான்காம் ஆண்டு முதல் ஆண்டிறுதிச் சோதனை இருக்கிறது. பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தும் பட்டியல் இல்லை. நிம்மதி என்று எண்ணினேன். அதற்குள் வெளிநாட்டுப் புத்தாக்கப் போட்டிப் பதக்கங்கள் பள்ளி வாசல் பதாகையில் ஏறிவிட்டன! விமானச் செலவுக்குப் பணம் திரட்ட இயலாத சிறிய பள்ளி அங்கும் பின்தங்கியே நிற்கும்.

பெற்றோர்களே, சிறிய பள்ளிக்குக் குறை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆங்கில ஆசிரியர் மாற்றலாகிப் போனால் அந்த இடம் நிரம்பும்வரை வேறு பாட ஆசிரியர்தான் கற்பிப்பார். காற்பந்துக் குழு அமைக்கவே ஆள் சேராது. ஆகவே வந்து கேளுங்கள். இரண்டாம் ஆண்டில் எத்தனை பிள்ளைகள் மூன்று மொழியிலும் தாமாக வாசிக்கிறார்கள்? ஆசிரியர் பயிற்சிப் பட்டறைக்குப் போகும் நாளில் வகுப்பை யார் பார்க்கிறார்கள்? வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைக்கு இந்த வாரம் என்ன செய்தீர்கள்? எட்டுப் பேர் உள்ள வகுப்பில் இதற்கு ஆசிரியரால் பிள்ளையின் பெயரைச் சொல்லியே விடை கூற முடியும். முடியாவிட்டால் தாராளமாகப் பிள்ளையை மாற்றுங்கள். ஆசிரியர்களாகிய நாமும் இக்கேள்விகளுக்குக் கோப்பைத் திறக்காமல் மறுமொழி சொல்லப் பழக வேண்டும்.

இவ்வாண்டு நான் வேறொரு சிறிய பள்ளியில் இருக்கிறேன். ஆறாம் ஆண்டில் நால்வர். ஒருவன் மலாய் வாசிப்பில் இன்னும் இரண்டாம் அடைவுநிலையிலேயே இருக்கிறான். அவனை நாளை முதல் பள்ளி மணி அடிப்பதற்கு அரைமணி நேரம் முன்னதாக வரச் சொல்லியிருக்கிறேன். அவன் தாய் காலையில் வேலைக்குப் போகும்போதே மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னார்.