ஆடினா பேரிங்கா? அடப் போங்கப்பா!

ஜீப்பை ஒர்க்‌ஷாப்புல நிறுத்தி, "முன் வீல்ல சத்தம் வருதுண்ணே, லேசா ஆடுது"ன்னு சொல்லிப் பாருங்க. ஜாக்கி போடறதுக்கு முன்னாடியே தீர்ப்பு வந்துரும். "பேரிங் போச்சு சார், மாத்திரலாம்!"

இந்த ஒத்தை வரி மேலதான் எனக்குக் கோபம். எனக்குத் தெரிஞ்ச ஒரு பழைய மஹிந்திரா ஜீப்புக்கு ஒரே வருஷத்துல மூணு தடவை பேரிங் மாத்தியிருக்காங்க. ஆட்டம் மட்டும் அப்படியே இருந்துச்சு. கடைசில பார்த்தா கிங்பின்!

அந்த வண்டிகளோட முன் ஆக்ஸில்ல சக்கரம் முக்கியமா ரெண்டு இடத்துல ஆடும். ஒண்ணு, ஹப்புக்குள்ள இருக்குற டேப்பர் பேரிங். இன்னொண்ணு, ஸ்டியரிங்கை ஒடிச்சா எதுமேல சக்கரம் திரும்புதோ அந்த கிங்பின். வெளியில இருந்து பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் ஆடும். பிரிச்சுப் பார்க்க என்ன கம்ப்யூட்டரா வேணும்? ஜாக்கி போட்டு, கீழ ஸ்டாண்டும் குடுத்து, சக்கரத்தை மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டுங்க. ஆட்டிக்கிட்டு இருக்கும்போதே ஒருத்தரைப் பிரேக்கை அமுக்கச் சொல்லுங்க. ஆட்டம் நின்னா பேரிங். நிக்கலைன்னா கிங்பின் பக்கம் போங்க. பக்கவாட்டுல புடிச்சு ஆட்டும்போது மட்டும் ஆடினா முதல்ல டை ராடு எண்டைப் பாருங்க. மொத்தமே ரெண்டு நிமிஷ வேலை. கிங்பின்ல பல நேரம் ஷிம்மை சரி பண்ணினாலே போதும், பெரிய செலவே கிடையாது. (அதனாலதான் யாரும் பார்க்கறதில்லையோ என்னவோ :-))

இதைவிட மோசமான வைத்தியம் ஒண்ணு இருக்கு. "நட்டை நல்லா டைட் வெச்சிட்டேன், இனிமே ஆடாது." ஆடாதுதான், கூடவே சுத்தவும் சுத்தாது! டேப்பர் பேரிங்கை இறுக்கிப் பூட்டினா சூடேறி, கிரீஸ் உருகி ஓடி, கடைசில பேரிங் கடிச்சுப் புடிச்சுக்கும். சக்கரத்தைச் சுத்திக்கிட்டே நட்டை இறுக்கி உக்கார வெச்சு, அப்புறம் ஆறுல ஒரு பங்கு சுத்து தளர்த்தணும்கறது வில்லீஸ் ஜீப் காலத்துப் பாடம். சூரியநெல்லியிலேர்ந்து கொழுக்குமலைக்கு ஆளுங்களை ஏத்திக்கிட்டு ஜீப் ஏறுதே, அந்தப் பாதையில ஒரு ஹப் இறுகிப் போனா என்ன ஆகும்னு யோசிச்சா வயித்தைக் கலக்குது.

சத்தத்துலயும் இதே கூத்துதான். கொரகொரன்னு சத்தம் வந்தா அது பேரிங்காவே இருக்கணும்னு சட்டமா? பெரிய கட்டை வெச்ச மட் டயர் தார் ரோட்டுல ஊளையிடத்தான் செய்யும். முன் டயரைப் பின்னாடி மாத்திப் போடுங்க. சத்தமும் பின்னாடி போனா டயர்தான் திருடன். இடது பக்கம் வளைக்கும்போது சத்தம் கூடினா வலது பேரிங் மேல சந்தேகப்படலாம், ஏன்னா பாரம் அந்தப் பக்கம்தான் சாயும். முழுசா ஒடிச்சுத் திரும்பும்போது மட்டும் டக் டக்னா ஆக்ஸில் ஜாயின்ட்டைப் பாருங்க.

மெக்கானிக்கை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. ஓடையில வண்டியை இறக்கி போட்டோ புடிக்கிறோம், வீட்டுக்கு வந்து ஹப்பைத் திறந்து பார்க்கறோமா? சூடான ஹப் குளிர்ந்த தண்ணில முங்கினதும் உள்ள இருக்குற காத்து சுருங்கி, சீல் வழியா தண்ணியை உறிஞ்சிரும். கிரீஸ் வெளுத்துப் போயிருந்தா தண்ணி போயிருச்சுன்னு அர்த்தம். கழுவி, புது கிரீஸ் அடைச்சு, சீலையும் மாத்தணும்.

நிஜமாவே பேரிங்தான் போயிருந்தா, உருளையை மட்டும் மாத்திட்டு பழைய கப்பை அப்படியே விடற ஆளுங்களும் இருக்காங்க. ரெண்டும் ஜோடி சாமி! பழசைக் கையில வாங்கிப் பாருங்க. பள்ளம் விழுந்திருக்கா, நீலம் பாரிச்சிருக்கான்னு தெரியும். "அதைக் குப்பையில போட்டாச்சு சார்"னு சொன்னா, குப்பைத்தொட்டி எங்கன்னு கேளுங்க.