பெயரைச் சொல்லும் துணிவு

காலம் கலங்கியிருக்கிறது, சற்றுத் தெளியட்டும், பிறகு பேசுவோம் என்று படித்த கனவான்கள் பலர் கூறி வருகிறார்கள். காலம் தெளிந்தபின் பேசுவதற்குத் தைரியம் எதற்கு என்பது நமக்கு விளங்கவில்லை.

1917-ம் வருஷத்துச் சம்பாரண் சங்கதியை நேயர்கள் அறிவார்கள். பீஹாரிலுள்ள அந்த ஜில்லாவில், குடியானவன் தன் நிலத்தில் இருபதில் மூன்று பங்கை வெள்ளைக்காரத் துரைமாருக்காக அவுரி பயிரிட்டே தீரவேண்டும் என்பது ஏற்பாடு. ஜெர்மானியச் செயற்கைச் சாயம் வந்து அவுரியின் மவுசு குறைந்ததும், அந்தக் கட்டாயத்தினின்று விடுவிப்பதாகச் சொல்லி, அதற்கும் குடியானவனிடமே பணம் பறித்தார்கள், குத்தகையை உயர்த்தினார்கள். கோர்ட்டுகள் இல்லாமலில்லை, வக்கீல்களும் இருந்தார்கள். அவர்கள் வாங்கிய பீஸைக் கேட்டுக் காந்தியடிகளே திகைத்துப் போனார். அஞ்சி நடுங்குகிறவனுக்குக் கோர்ட்டினால் பயனில்லை, முதலில் அச்சம் ஒழியவேண்டும் என்று அவர் முடிவு செய்தார். வக்கீல் தொழில் செய்தவராகிய நமக்கு இது கசப்பான பேச்சுத்தான்; ஆயினும் மெய்.

ஜில்லாவை விட்டு வெளியேறுமாறு உத்தரவு பிறந்தது. அவர் மறுத்தார். மோதிஹாரி கோர்ட்டில் ஏப்ரல் 18-ந் தேதி விசாரணை. தாம் சிறை சென்றால் என்ன செய்வீர்கள் என்று உடனிருந்த வக்கீல்களை அவர் கேட்டபோது, வீடு திரும்புவோம் என்பதே முதலில் வந்த விடை. அவர்களைக் கோழைகளென்று நாம் சொல்லோம். எழுதவும் மொழிபெயர்க்கவும் வந்தவர்கள். சிறைவாசம் அவர்கள் கணக்கில் இருந்ததேயில்லை. பிறகு யோசித்தார்கள். எங்கிருந்தோ வந்த ஒருவர் நம் குடியானவருக்காகச் சிறை புக, நாம் வீட்டுக்குப் போவதா? நாங்களும் வருகிறோம் என்றார்கள். அவர்களுடைய பயம் அன்றே மறைந்திருக்குமென்று நாம் நினைக்கவில்லை. வெட்கம் பயத்தினும் கனத்துவிட்டது; அவ்வளவே.

கோர்ட்டில் அவர் உத்தரவை மீறியதை ஒப்புக்கொண்டார். மாஜிஸ்டிரேட் தீர்ப்பை ஒத்திவைத்தார். சில தினங்களில் சர்க்கார் வழக்கையே வாபஸ் வாங்கிற்று.

இதற்குப் பின் நடந்ததுதான் முக்கியம். ஆயிரக்கணக்கான குடியானவர்கள் வாக்குமூலம் கொடுக்க வந்தார்கள். ஒவ்வொருவரையும் குறுக்கு விசாரணை செய்து, நம்பத் தகாததைத் தள்ளிவிட்டார்கள். இரகசியப் போலீஸ் அதிகாரி ஒருவர் அங்கேயே இருந்தார். அவரை யாரும் விரட்டவில்லை; மரியாதையாகவே நடத்தினார்கள். எந்தப் போலீஸைக் கண்டு குடியானவன் ஓடினானோ, அந்தப் போலீஸின் முன்னிலையிலேயே தன் பெயரையும் ஊரையும் சொல்லி எழுதவைத்தான். அதிகாரி எதிரில் இருந்ததனால் குடிகளுக்குத் துணிவு மிகுந்தது, மிகைப்படுத்திச் சொல்வதும் அடங்கியது என்று காந்தியடிகள் தம் சுயசரிதத்தில் எழுதியிருக்கிறார்.

நமது காரியாலயத்துக்கு வரும் பெயரில்லாக் கடிதங்களைப் படிக்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வருகிறது. பெயரை மறைக்கும்போது பேனா சற்றுத் தாராளமாகவே ஓடுகிறது. பத்து ரூபாய் லஞ்சம் நூறு ரூபாயாகிறது. பிறகு எந்த அதிகாரி அதை மதிப்பான்?

1918-ம் வருஷத்துச் சட்டம் அந்த அவுரிக் கட்டாயத்தை ஒழித்தது. துரைமார் திருப்பிக் கொடுக்க இணங்கியதோ நூற்றுக்கு இருபத்தைந்துதான். இது போதுமா என்று முகஞ்சுளித்தவர்களும் உண்டு. துரை குடியானவனுக்குப் பணம் திருப்பிக் கொடுப்பான் என்று அதற்கு முந்திய வருஷம் சம்பாரணில் சொல்லியிருந்தால் யார் நம்பியிருப்பார்கள்?

உயிருக்கே ஆபத்தான நிலையிலிருப்பவர்களை நாம் வற்புறுத்தவில்லை. அவர்கள் பெயரைக் காப்பது பத்திரிகையின் கடமை. ஆனால், தெருவிளக்குக் கணக்கைக் கேட்பதற்கும் முகம் மறைக்கும் நண்பர்களுக்கு ஒரு யோசனை கூறுவோம். தனியே எழுத அச்சமானால், பத்துப் பேராகச் சேர்ந்து கையெழுத்திட்டு அனுப்புங்கள். விசாரித்து, உண்மையெனக் கண்டால் பெயர்களுடன் பிரசுரிப்போம். அதன்மேல் வழக்கு வருமானால், பிரதிவாதிகளின் ஜாபிதாவில் நமது பெயரும் இருக்கும்.