ஐகான் பிக்கர் வேணுமா? பதினஞ்சு போதும் சாமி!

கிளையண்டுக்கு வேர்ட்பிரஸ்ல சைட் பண்ணிக் குடுத்துப் பொழப்பு நடத்துற எல்லாருக்கும் ஒரு நாள் இந்த மெயில் வந்தே தீரும்: "ஒவ்வொரு சர்வீஸுக்கும் பக்கத்துல ஒரு ஐகான் வரணும். அதை நாங்களே மாத்திக்கிற மாதிரி இருக்கணும்." நியாயமான ஆசைதான். நம்மாளுங்க செய்யறதும் தெரிஞ்ச கதைதான். பிளகின் பட்டியலுக்குப் போய் 'ஐகான் பிக்கர்'னு தேடி, ஸ்டார் அதிகமா இருக்கறதை இன்ஸ்டால் பண்ணி, ஆக்டிவேட். எடிட் ஸ்க்ரீன்ல ஒரு பட்டன் வரும். அழுத்தினா திருவிழாக் கடை மாதிரி நூத்துக்கணக்குல குட்டிக் குட்டிப் படம். டெமோவுல கிளையண்ட் முகம் மலரும். பத்து நிமிஷத்துல ஒரு ஆணி முடிஞ்சது.

இந்தப் பத்து நிமிஷ வேலையைச் செய்யாதீங்கன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு. ஐகான் வேணாம்னு சொல்லலை. பிக்கர் வேணாம்னும் சொல்லலை. அந்தத் திருவிழாக் கடை வேணாம். பத்துப் பதினஞ்சு ஐகான் இருக்கற ஒரு சின்னப் பட்டியலை நீங்களே கட்டிக் குடுங்க. ஏன்னு சொல்றேன்.

முதல்ல, பிக்கர்ல ஒரு ஐகானைத் தேர்ந்தெடுத்தா டேட்டாபேஸ்ல என்ன போய் உக்காருதுன்னு பாருங்க. படம் போகாது. பெரும்பாலான பிளகின்கள்ல போறது ஒரு கிளாஸ் பெயர், உதாரணமா 'எஃப்ஏ-க்ளாக்-ஓ'. அது ஃபான்ட் ஆசம் அப்படிங்கற எழுத்துருவுல கடிகாரத்துக்கு வெச்ச பெயர். அந்த எழுத்துருவுக்குள்ள கடிகாரம் யூனிகோடோட 'தனிப் பயன்பாட்டுப் பகுதி'யில ஒரு எண்ணுல இருக்கும். அந்தப் பகுதியில எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்னு யூனிகோட் சொல்லாது, அவனவன் இஷ்டம். அதாவது உங்க கிளையண்டோட தகவல் ஒரு எழுத்துருவை நம்பி இருக்கு. எழுத்துரு போனா அர்த்தமும் போச்சு.

இந்த வலி நமக்குப் புதுசா என்ன? பாமினியிலயும் டிஸ்கியிலயும் டைப் அடிச்சு வெச்ச ஃபைலை, அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல திறந்து பார்த்தவங்களுக்குத் தெரியும். திரை பூரா ஆங்கில எழுத்துக் குப்பை. கன்வர்ட்டர் தேடி அலைஞ்சது ஒரு தலைமுறை. ரூபாய்க் குறி கதையும் இதேதான். 2010 ஜூலை 15 அன்னிக்கு மத்திய அமைச்சரவை ரூபாய்க்கு ஒரு குறியை அங்கீகரிச்சாங்க. வரைஞ்சவர் நம்ம ஊர்க்காரர் உதயகுமார். சில நாள்லயே மங்களூர்ல ஒரு கம்பெனி அந்தக் குறியை வெச்சு ஒரு ஃபான்ட் போட்டாங்க. எண் 1-க்கு இடப் பக்கம் இருக்கற சாய்ந்த கோட்டுக் குறி இருக்கே, அந்தக் கீயில. ஃபான்ட் இருந்தா ரூபாய், இல்லேன்னா வெறும் சாய்ந்த கோடு. அதே வருஷம் அக்டோபர்ல யூனிகோட் 6.0 ரூபாய்க்குன்னு தனி எண்ணே ஒதுக்கிடுச்சு. ஆனா நடுவுல அந்த ஃபான்ட்டை நம்பி அடிச்ச ஃபைல்ல எல்லாம் தொகைக்கு முன்னாடி அந்தச் சாய்ந்த கோடுதான் நிக்குது. எழுதினவருக்குத் தெரியும் அது ரூபாய்னு, கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

ஐகான் ஃபான்ட்டும் இதே ரகம்தான். ஃபான்ட் ஆசம் 4.7-ல 675 ஐகான் இருந்துச்சு. 2017 டிசம்பர்ல 5 வந்தப்போ, கோட்டோவியமா இருந்த '-ஓ' வால் வெச்ச பெயர்களை எல்லாம் எடுத்துட்டு, அதுக்குத் தனி முன்னொட்டு வெச்சாங்க. 2022-ல 6 வந்தப்போ 'ஹோம்' மாறி 'ஹவுஸ்' ஆச்சு. அவங்களைக் குறை சொல்ல மாட்டேன். 5-ல பழைய பெயர்களுக்கு ஒரு ஒட்டுக் கோப்பு குடுத்தாங்க, 6-ல பழைய பெயரும் வேலை செய்யற மாதிரிதான் விட்டாங்க. ஆனா அந்த ஒட்டுக் கோப்பை யாராவது சைட்ல சேர்த்தாத்தானே?

சேர்க்கலேன்னா என்ன ஆகும்? போன வருஷம் ஒரு மருத்துவமனையோட சைட் எங்க டீமுக்குப் பராமரிப்புக்கு வந்துச்சு. கட்டினது வேற யாரோ. மொபைல்ல திறந்தா மேல வரிசையா நாலு நீல வட்டம். ஒண்ணுல மட்டும் ஆம்புலன்ஸ், மத்த மூணுலயும் ஒண்ணுமே இல்லை. உள்ள போய்ப் பார்த்தா பிளகின் சேமிச்சு வெச்சது 4-ஆம் பதிப்புப் பெயர், தீம் ஏதோ ஒரு அப்டேட்ல 5-க்கு மாறிடுச்சு. ஆம்புலன்ஸ் பெயர் மாறாததால அது பொழைச்சுது. வாலோட இருந்த 'க்ளாக்-ஓ', 'ஹாஸ்பிடல்-ஓ', 'ஃபைல்-டெக்ஸ்ட்-ஓ' மூணும் காலி. எர்ரர் கிடையாது, லாக்ல ஒரு வரி கிடையாது. அந்தக் கடிகார வட்டம்தான் 24 மணி நேர அவசரப் பிரிவுக்கான ஃபோன் லிங்க். அழுத்தினா கால் போகுது. ஆனா அங்க அழுத்தணும்னு ராத்திரி ரெண்டு மணிக்குக் குழந்தையைத் தூக்கிட்டு நிக்கிற ஆளுக்கு எப்படித் தெரியும்? பக்கத்துல 'அவசரப் பிரிவு'ன்னு ஒரு வார்த்தை இல்லை. ஐகான் அழகா இருக்குன்னு வார்த்தையை எடுத்துட்டாங்களாம்.

பார்வை இல்லாதவங்க ஸ்க்ரீன் ரீடர்ல வந்தா ஐகான் நல்லா இருந்த காலத்துலயும் இதே கதிதான், அது பெயரே இல்லாத ஒரு லிங்க். டேட்டாவை மிச்சம் பிடிக்க ஓபரா மினியை உச்ச சேமிப்பு நிலையில வெச்சிருக்கறவங்களுக்கு வெப் ஃபான்ட்டே இறங்காது. கிட்ஹப் மாதிரி இடமே 2016-ல ஐகான் ஃபான்ட்டை விட்டுட்டு எஸ்விஜிக்கு மாறினாங்க.

ரெண்டாவது, பிக்கரைப் பயன்படுத்துறது யார்? நாம இல்லை. அந்த மருத்துவமனையில ரிசப்ஷன்ல இருக்கற ஒரு அக்காதான் மத்த வேலைக்கு நடுவுல சைட்டையும் பார்த்துக்கறாங்க. "தம்பி, இதுல மாத்திரை எங்க இருக்குன்னு தேடியே என் சாப்பாட்டு நேரம் போயிடுது"ன்னாங்க. தேடல் பெட்டிக்கு இங்கிலீஷ்தான் தெரியும், 'பிரசவம்'னு அடிச்சா சும்மா முழிக்கும். வேற வழியில்லாம கண்ணுல பட்டதைப் போட்டாங்க. விளைவு, இதயப் படம் ஒரு பக்கத்துல இதயநோய்ப் பிரிவு, இன்னொரு பக்கத்துல உறுப்பு தானம், மூணாவதுல 'எங்கள் சேவை மனப்பான்மை'. அக்கா மேல தப்பே இல்லை. நூத்துக்கணக்குல படத்தைக் கொட்டி எடுத்துக்கோன்னா யாரா இருந்தாலும் இதுதான் நடக்கும்.

இன்னொண்ணு பலருக்குத் தெரியாது. வெள்ளைப் பின்னணியில சிவப்புச் சிலுவைக் குறியை மருத்துவமனைங்க இஷ்டத்துக்குப் போடக் கூடாது. இந்தியாவுல 1960-ஆம் வருஷ ஜெனீவா உடன்படிக்கைச் சட்டப்படி அரசு அனுமதி வேணும். பிக்கர்ல கூட்டல் குறியை எடுத்துச் சிவப்பு கலர் குடுக்க ரெண்டே கிளிக். தடுக்க ஆள் இல்லை.

சரி, என்னதான் பண்ணச் சொல்றே? எலெக்‌ஷன் கமிஷனைப் பாருங்க. 1951-52 முதல் பொதுத் தேர்தல்லயே, படிக்கத் தெரியாதவங்களும் ஓட்டுப் போடணும்னு சின்னம் குடுத்தாங்க. அன்னிலேர்ந்து உலகத்துலயே பெரிய ஐகான் பிக்கரை நடத்துறது அவங்கதான் :-) சுயேச்சையா நிக்கிறவர் தன் இஷ்டத்துக்குப் படம் வரைஞ்சு எடுத்துட்டுப் போக முடியாது. கமிஷன் பட்டியல்ல இருந்துதான் எடுக்கணும். ஒரு தொகுதியில ஒரு சின்னம் ரெண்டு பேருக்குக் கிடையாது. முக்கியமா, மெஷின்ல சின்னம் மட்டும் இருக்காது, பக்கத்துல பெயரும் இருக்கும். நமக்கு வேண்டிய மூணு விதியும் இதுலயே இருக்கு.

அந்த சைட்ல நாங்க பண்ணினது இவ்வளவுதான்:

1. அக்காவோட உக்காந்து அவங்களுக்கு நிஜமா எத்தனை ஐகான் வேணும்னு எண்ணினோம். 14 வந்துச்சு.

2. எடிட் ஸ்க்ரீன்ல ரேடியோ பட்டன் வரிசை. படமும் பக்கத்துல தமிழ்ப் பெயரும். அவசரம், மருந்தகம், பிரசவம், ரத்தப் பரிசோதனை இப்படி. தேடல் பெட்டியே தேவைப்படலை, எல்லாம் ஒரே பார்வையில தெரியுது.

3. டேட்டாபேஸ்ல சேமிக்கறது 'அவசரம்'ங்கற பொருளை. எந்தப் படம், எந்த எழுத்துரு, எந்தப் பதிப்புங்கறது எதுவும் அங்க இல்லை. 'அவசரம்'னா எந்த எஸ்விஜின்னு தீம்ல ஒரே ஒரு ஃபைல் சொல்லும். நாளைக்கு டிசைன் மாறினா அந்த ஒரு ஃபைலை மாத்தினாப் போதும், பக்கங்களைத் தொட வேண்டாம்.

4. வார்த்தை கட்டாயம். அதைக் காலியா விட்டா பக்கம் சேவ் ஆகாது. வார்த்தை இருக்கறதால ஐகானை ஸ்க்ரீன் ரீடர்கிட்டேருந்து மறைச்சுடலாம், அது வெறும் அலங்காரம்.

நாங்களே எழுதின கோடு இருநூறு வரி கூட இல்லை. பழைய ஃபான்ட் ஃபைல் மட்டுமே சுமார் 75 கேபி இருந்துச்சு. இந்த 14 எஸ்விஜியும் சேர்ந்து அதுல ஒரு ஓரம்.

"எடிட்டர் என்ன சின்னப் புள்ளையா, சுதந்திரம் வேணாமா?"ன்னு ஃப்ரெண்டு ஒருத்தன் சண்டைக்கு வந்தான். வாரா வாரம் ஆஃபர் பக்கம் மாத்துற மார்க்கெட்டிங் டீமுக்கு அவன் சொல்றது சரிதான். ரெண்டு வாரத்துல தூக்கிப் போடற பக்கத்துக்குத் திருவிழாக் கடையே இருக்கட்டும். ஆனா அஞ்சு வருஷம் நிக்க வேண்டிய பக்கத்துக்கு அது ஆகாது. "புது ஐகான் வேணும்னா ஒவ்வொரு தடவையும் உன்னைக் கூப்பிடணுமா?"ன்னும் கேட்டான். ஆமா, கூப்பிடணும். எஸ்விஜிக்குள்ள ஸ்க்ரிப்ட் ஒளிச்சு வைக்கலாம்ங்கறதாலதான் வேர்ட்பிரஸ்ஸே அதை அப்லோட் பண்ண நேரா விடறதில்லை. ஒரு ஆள் பார்த்துச் சேர்க்கறது நல்லதுதான்.

பெரிய சிஸ்டங்களும் இதை யோசிக்க ஆரம்பிச்சிருக்காங்க. ட்ரூபல் 11.1-ல (2024 டிசம்பர்) ஐகானுக்குன்னு உள்ளேயே ஒரு ஏபிஐ வந்துச்சு. தீமோ மாட்யூலோ தன் ஐகான் தொகுப்பை ஒரு ஃபைல்ல அறிவிக்கணும், மத்த இடத்துல எல்லாம் தொகுப்புப் பெயரும் ஐகான் பெயரும் சொன்னாப் போதும். படம் எங்கேருந்து, எப்படி வருதுங்கறது அந்த ஃபைலோட வேலை.

உங்க சைட்ல ஏற்கெனவே பிக்கர் பிளகின் இருக்கா? சோதனைக் காப்பி ஒண்ணு எடுத்து, அதுல பிளகினை டிஆக்டிவேட் பண்ணிப் பாருங்க. ஐகான் போயும் பக்கம் புரியுதுன்னா நீங்க பொழைச்சீங்க. அடைப்புக்குறிக்குள்ள ஷார்ட்கோடு பல்லைக் காட்டினாலோ, வெறும் வட்டம் மட்டும் நின்னாலோ, இந்த வாரமே அந்த வேலையை எடுத்துடுங்க.

பி.கு.: அந்த நாலு வட்டமும் இப்போ நாலு பட்டன், ஒவ்வொண்ணுலயும் எழுத்து இருக்கு. "முன்ன மாதிரி ஸ்டைலா இல்லையே"ன்னு மேனேஜ்மென்ட்ல ஒருத்தர் குறைப்பட்டுக்கிட்டாராம். இருக்கட்டும்.