எழுவர் பட்டியலும் ஊர் உரிமையும்

மன்னார்த் தீவிலும் அதன் எதிர்க்கரையிலும் உதைபந்தாட்டம் வெறும் பொழுதுபோக்கன்று. ஊரின் மானத்தைப் பந்தின்மேல் வைத்து ஆடும் மக்கள் இங்குள்ளோர். ஆகவே, ஏழுபேர் போட்டிக்கு அணியைப் பதியும் ஒரு தாளைப்பற்றி அரசியல் ஏட்டிலே எழுதுவதா என்று நகைப்போர் நகைக்கட்டும். அத்தாளில் உள்ள 'வதிவிடம்' என்னும் ஒரு சொல்லில் முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு அடங்கியிருக்கின்றது.

பதினொருவரைத் திரட்டப் பெரிய ஊரும் பொருள்வளமுள்ள கழகமும் வேண்டும். எழுவரைத் திரட்டவோ கரையோரத்து ஒரு வாடி போதும். கட்டுக்கரைக் குளத்தின்கீழ் ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்சும் சில குடும்பங்கள் போதும். உதைபந்தாட்டச் சட்டத்தின் மூன்றாம் விதியும், ஓரணியில் எழுவருக்குக் குறைந்தால் ஆட்டம் நடைபெறலாகாது என்றே கூறுகின்றது. மைதானம் சிறிதாகையால் நெடுந்தூரம் உதைப்பவனுக்கு ஈண்டு வேலையில்லை. தோழனுக்குக் கொடுத்து வாங்கத் தெரிந்தவனுக்கே வெற்றி. இங்கிலாந்திலே 1863 இல் விதிகள் வகுக்கப்பட்டபொழுது, பந்துக்கு முன்னே நிற்பவனுக்கு அதைக் கொடுத்தல் தடுக்கப்பட்டிருந்தது. 1866 இல் அத்தடை தளர்ந்த பின்னரே கூடி ஆடும் முறை வளர்ந்தது. அதனை வளர்த்ததில் ஸ்கொத்லாந்தின் குவீன்ஸ் பார்க் கழகத்தாருக்குப் பெரும் பங்குண்டு.

ஏழுபேர் ஆட்டத்தின் நன்மையையும் தீமையையும் அறிய விரும்புவோர் கேரளத்து மலபாரை நோக்குக. அங்கே அறுவடை முடிந்த வயல்களில் எளிய முறையில் வளர்ந்த 'செவன்ஸ்' ஆட்டம், இன்று நுழைவுச் சீட்டும் பெரும் பரிசும் உடைய வணிகமாகிவிட்டது. ஆபிரிக்க நாடுகளிலிருந்து ஆட்டக்காரரைக் கூலிக்கு அமர்த்துகின்றனர். 2018 இல் வெளியான 'சுடானி ஃப்ரம் நைஜீரியா' என்னும் மலையாளப் படம் இக்கதையையே மனமுருகச் சொல்லிற்று. படம் நன்று, ஆயினும் ஊர்ப் பையன் வேலிக்கு வெளியே நின்று கைதட்டும் நிலை நமக்கு வேண்டாம். வெளியூரார் இருவருக்கு மேல் ஓரணியில் பதியப்படலாகாது என்பது நம் கருத்து.

அப்படியாயின் ஊரவன் யார்? இங்கேதான் சிக்கல் தொடங்குகின்றது. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். முசலியிலும் எருக்கலம்பிட்டியிலும் வாழ்ந்த குடும்பங்கள் புத்தளத்திலே ஆண்டுக்கணக்கில் அகதிகளாய் இருந்தன. தமிழர் பலரோ வள்ளமேறி இராமேசுவரக் கரை சேர்ந்து மண்டபம் முகாமில் வாழ்ந்தனர். புத்தளத்தில் பிறந்த முசலிப் பையனையும் மண்டபத்தில் பிறந்த தலைமன்னார்ப் பையனையும் எந்த ஊர்க் கணக்கில் எழுதுவது? கிராம அலுவலரின் சான்றையும் தேர்தல் இடாப்பையும் மட்டும் பார்த்து அவர்களை வெளியூரார் என்று தள்ளுவது, துரத்தப்பட்டவனை இரண்டாம் முறை துரத்துவதாகும். தாயோ தந்தையோ அவ்வூரில் பிறந்தவராயின் பிள்ளை ஊர்ப் பிள்ளையே என்று விதியில் எழுதிவிடுக. காணியுரிமை, வாக்குரிமை பற்றிய வழக்குகளைப் பந்தாட்டக் குழு தீர்த்துவிட முடியாதுதான். தன் கையிலுள்ள தாளையாவது நேர்மையாக எழுதலாமன்றோ!

ஆட்ட நாளும் கவனிக்கத்தக்கது. பெரும்போக அறுவடைக்கு முன் போட்டி வைத்தால் நானாட்டான், மாந்தைப் பக்கத்து வேளாளர் பிள்ளைகள் வரமாட்டார்கள். ஞாயிறு காலைப் பூசை வேளையும் வெள்ளி நண்பகல் தொழுகை வேளையும் விலக்கப்படல் வேண்டும். இவற்றை விளக்கிச் சொல்லவும் வேண்டுமோ?

நுழைவுக் கட்டணம் ஒரு நாட் கூலிக்கு மேற்படலாகாது. பட்டியலைத் தமிழில் எழுதி, ஆட்டத்துக்கு ஒரு கிழமை முன்னரே மைதான வாயிலில் ஒட்டிவிடுக. ஆட்சேபமுள்ளோர் அப்பொழுதே சொல்லட்டும். இறுதியாட்டத்தில் தோற்றபின் வந்து சொல்வதை நடுவர் செவிமடுக்க வேண்டியதில்லை.