ஊர் இரண்டு, மீன் ஒன்று

காட் லிவர் ஆயில் என்றதும் மூக்கைப் பிடித்துக்கொள்ளாத குழந்தை உண்டா? அந்த எண்ணெய் எந்த மீனின் ஈரலிலிருந்து வருகிறதோ, அந்தக் காட் மீனைப் பற்றித்தான் இந்தத் தடவை எழுதப் போகிறேன். ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாத இரண்டு சீமைகளை இந்த மீன் அறுநூறு வருஷத்துக்கும் மேலாக உறவு கொண்டாட வைத்திருக்கிறது என்றால் நம்புவீர்களா?

ஐரோப்பாவின் வடகோடியில் நார்வே தேசம். அதிலும் வடக்கே லோஃபோட்டன் என்று ஒரு தீவுக் கூட்டம். டிசம்பரில் அங்கே சூரியன் தலை காட்டாத நாட்களே உண்டு. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை காட் மீன்கள் முட்டையிடக் கூட்டம் கூட்டமாக இங்கே வருகின்றன. பிடித்த மீனைத் தலை வெட்டி, குடல் எடுத்து, வாலோடு வால் சேர்த்து ஜோடி ஜோடியாகக் கட்டி, மரக் கழிகளால் போட்ட பந்தலில் தொங்க விட்டுவிடுவார்கள். உப்பு ஒரு கல் கூடக் கிடையாது! நாம் கருவாடு போட்டால் உப்பும் வேண்டும், கொளுத்தும் வெயிலும் வேண்டும். அவர்களுக்குக் குளிர் காற்றே போதும். குளிர் ரொம்ப ஜாஸ்தியானால் மீன் உறைந்து சதை கெட்டுவிடும். குறைந்தாலோ ஈ மொய்த்துவிடும். இரண்டுக்கும் நடுவே, ஏறக்குறைய மூன்று மாதம் காய்ந்தால், நீரெல்லாம் வற்றி விறகுக் கட்டை மாதிரி ஆகிவிடும். வருஷக் கணக்கில் கெடாது. நீர் போய்விட்டதால் மிஞ்சுவது பெரும்பாலும் புரதச் சத்துதான். இதற்கு ஸ்டாக்ஃபிஷ் என்று பெயர்.

பாறையும் பனியுமாக இருக்கும் அந்தத் தீவுகளில் வயிற்றுக்குப் போதுமான தானியம் விளையாது. அதனால் காய்ந்த மீனைப் படகில் ஏற்றி, தெற்கே வெகு தூரத்திலுள்ள பெர்கன் துறைமுகத்துக்குக் கொண்டுபோய், அதற்கு மாற்றாகத் தானியம் வாங்கி வந்தார்கள். 1360 வாக்கில் ஹன்சா சங்கத்து ஜெர்மன் வியாபாரிகள் பெர்கனில் நிலையாகவே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆக, மீன் விற்றால்தான் வீட்டில் ரொட்டி. மீனவர்கள் பலர் அந்த ஊர் வியாபாரிகளிடம் கடன்பட்டும் இருந்தார்கள்.

சரி, இவ்வளவு மீனையும் யார் தின்றார்கள்? கத்தோலிக்க தேசத்து ஜனங்கள். வெள்ளிக்கிழமைகளிலும், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்திலும் அவர்கள் இறைச்சி தொட மாட்டார்கள், மீன் சாப்பிடலாம். இதை என் மாமியாரிடம் சொன்னேன். "ஏம்மா, விரத நாளில் மீனா? நல்லாயிருக்கு போ அந்த விரதம்!" என்று சிரித்தார். "அத்தை, நம்ம ஊர் கத்தோலிக்கர்களும் இதைத்தான் சுத்தபோசனம் என்கிறார்கள்" என்றேன். கடலே பார்க்காத ஊரில் வெள்ளிக்கிழமைக்கு மீன் வேண்டுமென்றால், கெடாத மீனுக்கு எங்கே போவது? வடக்கேதான் போக வேண்டும்!

இந்த உறவில் ஒரு கதையும் உண்டு, நடந்த கதை. 1431இல் வெனிஸ் நகரத்து வியாபாரி பியெத்ரோ குவெரினி, கிரீட் தீவிலிருந்து ஒயினும் வாசனைப் பொருட்களும் ஏற்றிக்கொண்டு 68 பேரோடு ஃபிளாண்டர்ஸுக்குக் கப்பல் விட்டார். புயலில் சுக்கான் உடைந்தது. கப்பலைக் கைவிட்டுப் படகுகளில் தத்தளித்து, 1432 ஜனவரியில் லோஃபோட்டனின் கோடியில் இருக்கும் ரோஸ்ட் அருகே ஒரு ஆளில்லாத் தீவில் ஒதுங்கினார்கள். அங்கே வந்த மீனவர்கள் கண்டெடுத்துக் காப்பாற்றியது 11 பேரை. பாஷை தெரியாத அந்த அந்நியர்களைத் தங்கள் வீடுகளிலேயே வைத்து, மே மாதம் வரை சோறு போட்டார்கள். ஊர் திரும்பிய குவெரினி எல்லாவற்றையும் எழுதி வைத்தார். காசுக்குப் பதில் காய்ந்த மீனைக் கொடுத்து வாங்கும் வழக்கத்தையும், பூட்டுப் போடத் தேவையில்லாத அந்த ஜனங்களின் நேர்மையையும் அதில் குறிப்பிட்டிருக்கிறார்.

இத்தாலிக்கு இந்த மீனை அறிமுகம் செய்ததே குவெரினிதான் என்று வெனிஸ் பக்கத்தில் பெருமையாகச் சொல்வார்கள். உண்மையில் அவருக்கு முன்பே பெர்கன் வழியாக மீன் தெற்கே போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் அந்த நன்றியை அவர்கள் விடவில்லை. வெனிஸுக்கு மேற்கே விசென்சா நகரம். அதன் பக்கத்தில் சாண்ட்ரிகோ என்ற சின்ன ஊர். அங்கே வருஷா வருஷம் செப்டம்பரில் இந்த மீன் சமையலுக்கென்றே ஒரு திருவிழா. ரோஸ்ட்டும் சாண்ட்ரிகோவும் இன்று சகோதரி ஊர்கள்.

விசென்சாக்காரர்களின் சமையலைக் கேளுங்கள். மீனை இரண்டு மூன்று நாள் ஊறப் போட்டு, நாலு மணிக்கொரு தரம் தண்ணீர் மாற்ற வேண்டும். பிறகு வெங்காயம், நெத்திலி போன்ற சின்ன மீன், பால், பாலாடைக்கட்டி, நிறைய ஆலிவ் எண்ணெய் எல்லாம் சேர்த்து, மெல்லிய தீயில் நாலரை மணி நேரம். கரண்டி போட்டுக் கிளறக் கூடாது, பாத்திரத்தைத்தான் அசைக்க வேண்டும்! தொட்டுக்கொள்ள மக்காச்சோளக் களி. மீன் பிடித்த ஊரில் ஆலிவ் மரம் கிடையாது. ஆலிவ் விளையும் கடலோரத்தில் காட் மீன் கிடையாது. பார்த்தீர்களா பொருத்தத்தை!

இதே மீனை உப்பிட்டுக் காயவைப்பது இன்னொரு விதம். நார்வேயின் கிறிஸ்டியான்சுண்ட் துறைமுகம் இதற்குப் பேர் போனது. கடற்கரைப் பாறைகளில் மீனைப் பரப்புவதும், மழை வரும்போல் இருந்தால் ஓடிப்போய் அள்ளிக் குவிப்பதும் பெரும்பாலும் பெண்கள், பிள்ளைகள் வேலை. மொட்டை மாடியில் வடாம் காயவைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு இந்தப் பாடு தெரியும்! அந்த உழைப்பாளிப் பெண்ணுக்கு அந்தத் துறைமுகத்தில் சிலையே வைத்திருக்கிறார்கள். உப்பு மீன் ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் போனது. அங்கிருந்து சமையல் இங்கே வந்தது. தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு, ஆலிவ் எண்ணெய் சேர்த்த குழம்புக்கு நார்வேக்காரர்கள் ஸ்பானியப் பெயரையே வைத்து, 'பகலாவ்' என்று சொல்லிச் சாப்பிடுகிறார்கள். போர்ச்சுகலிலோ, கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு இந்த மீன் இல்லாவிட்டால் பண்டிகையே இல்லை. (உப்பு மீனை ஒரு நாளுக்கு மேல் ஊறவைத்து, நாலைந்து தரம் தண்ணீர் மாற்றிய பிறகுதான் சமைக்கிறார்கள். நம் கருவாட்டையும் இரண்டு மூன்று தண்ணீரில் ஊறவைத்து அலசினால் உப்பு குறையும். ஆனாலும் இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் அளவோடுதான் சாப்பிட வேண்டும்.)

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இனிமேல்தான். 1537இல் நார்வே கத்தோலிக்கத்தை விட்டு லூத்தர் சபைக்கு மாறிவிட்டது. தவக்கால விரதம் அவர்களுக்குப் போயிற்று. ஆனால் அவர்கள் அடுப்பு எரிந்தது, தாங்கள் விட்டுவிட்ட அந்த விரதத்தைத் தெற்கே யாரோ விடாமல் பிடித்ததால்தான்! மதம் பிரிந்தாலும் மீன் பிரியவில்லை. இன்றைக்கும் லோஃபோட்டனில் காய்ந்த மீனைத் தரம் பிரிப்பவர், பல தரங்களை இத்தாலியப் பெயர் சொல்லித்தான் பிரிக்கிறார்.

இந்த உறவுக்கு இப்போது ஒரு சோதனை. வடகடலில் காட் மீன் குறைந்து வருகிறது. எவ்வளவு பிடிக்கலாம் என்று நார்வேயும் ரஷ்யாவும் சேர்ந்து அளவு வைக்கின்றன. 2021க்கு 8,85,000 டன்னுக்கு மேல் வைத்த அளவை, 2025க்கு 3,40,000 டன்னாகக் குறைத்துவிட்டார்கள். மீனவனுக்கு வருமானம் போகிறது; லிஸ்பனில் பண்டிகைக்கு மீன் வாங்கும் அம்மாவுக்கு விலை ஏறுகிறது. கஷ்டம்தான். ஆனாலும் நாளைக்கு மீன் வேண்டுமென்றால் இன்றைக்குக் கையைக் கட்டிக்கொள்ளத்தான் வேண்டும். விதை நெல்லைக் குத்தித் தின்றால் அடுத்த போகத்துக்கு என்ன செய்வது? தெற்கே இருப்பவர்கள் அத்தனை நூற்றாண்டு நாவைக் கட்டி விரதம் இருந்தார்கள். இப்போது விரதம் இருக்கும் முறை வடக்கே இருப்பவர்களுக்கு வந்திருக்கிறது.