கேட்லாக்கைக் கூட்டிப் பார்க்காதீங்க சாமி!

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த பதிவு இது. தபால்தலை சேர்க்காதவங்களுக்குக் கொஞ்சம் போரடிக்கலாம். ஆனா உங்க வீட்டுப் பரண்ல தாத்தாவோ சித்தப்பாவோ விட்டுட்டுப் போன ஸ்டாம்ப் ஆல்பம் ஒண்ணு கிடந்தா, பொறுமையாப் படிச்சுடுங்க.

போன வருஷம் எங்க மாமா தவறிட்டார். பொன்மலை ரயில்வே பட்டறையில வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். எனக்கு இந்த ஸ்டாம்ப் பைத்தியத்தைப் பிடிக்க வெச்சதே அவர்தான். விட்டுட்டுப் போனது 11 ஆல்பம், கூடவே ஒரு கணக்கு நோட்டு. நோட்டுல ஒவ்வொரு தலைக்கும் ஸ்டான்லி கிப்பன்ஸ் நம்பர், பக்கத்துல கேட்லாக் விலை, அதைப் பவுண்டுலேர்ந்து ரூபாய்க்கு மாத்தி, பக்கத்துக்குப் பக்கம் கூட்டி, கடைசிப் பக்கத்துல சிவப்பு மையில மொத்தம்: 4,30,000 ரூபாய்ச் சொச்சம்.

அத்தை அந்தச் சிவப்பு மையை நம்பி மூட்டு ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிட்டாங்க.

நான் ஆல்பங்களைத் தூக்கிக்கிட்டு மூணு டீலர்கிட்ட அலைஞ்சேன். முதல் ஆள் 18,000 சொன்னார். ரெண்டாவது ஆள் 22,000. மூணாவது ஆள் ரெண்டு ஆல்பத்தைப் புரட்டிட்டு, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பி வெச்சார். வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் அத்தை கேட்டது ஒரே கேள்விதான். "ஏம்ப்பா, உங்க மாமா பொய்யா எழுதி வெச்சிருக்கார்?"

மாமா பொய் எழுதலை. புத்தகத்துல இருந்ததை அப்படியே எழுதினார். கோளாறு எங்கேன்னா, அந்த நம்பருக்கு என்ன அர்த்தம்னு நம்ம சேகரிப்பாளர் கூட்டத்துல யாரும் யாருக்கும் சொல்றதில்லை. அதுதான் எனக்குக் கோபம்.

ஸ்டான்லி கிப்பன்ஸ் 1856ல இங்கிலாந்துல பிளிமத் நகர்ல ஆரம்பிச்ச வியாபாரம். 1865ல முதல் விலைப்பட்டியல் போட்டாங்க. கவனிங்க, விலைப்பட்டியல். இன்னிக்கு வரைக்கும் அந்தக் கேட்லாக்ல இருக்கறது, நல்ல நிலையில இருக்கற தலையை அந்தக் கடை என்ன விலைக்கு *விக்கும்* என்கிற மதிப்பீடு. உங்ககிட்ட என்ன விலைக்கு வாங்கும்னு அதுல எங்கேயும் இல்லை. முன்னுரையிலேயே தெளிவாப் போட்டிருக்காங்க. நாமதான் முன்னுரையைத் தாண்டி நேரா இந்தியா பக்கத்துக்குப் போறோம்! ஜவுளிக்கடையில 5,000 ரூபாய்க்கு எடுத்த பட்டுப்புடவையை நாலு வருஷம் கட்டி மடிச்சுட்டு, அதே கடைக்குக் கொண்டு போய் 5,000 கேப்போமா?

"அதுக்குத்தான் ஸ்காட் பார்க்கணும்னு சொல்றேன், அவங்க தலை விக்கிறதில்லை"ன்னு ஒரு கோஷ்டி உண்டு. 1868லேர்ந்து வர்ற அமெரிக்க கேட்லாக். சரிதான், இப்ப அவங்களுக்குக் கடை கிடையாது. ஆனா அவங்க போடறதும் வாங்கறவன் கடையில கொடுக்க வேண்டிய சில்லறை விலைதான். அதுவும் படம் நடுவுல ஒழுங்கா உக்காந்து, துளை எதுவும் அறுபடாம இருக்கற தலைக்கு. இன்னொரு கோஷ்டி ஜெர்மன்காரன் மிஹெல்தான் வேதம்னு சொல்லும். 1910லேர்ந்து வருது. எந்தப் புத்தகம் 'சரியான' விலை போடுதுன்னு இந்த மூணு கோஷ்டியும் மணிக்கணக்கா சண்டை போடும். எனக்கென்னவோ சண்டையே தப்பான இடத்துல நடக்குதுன்னு தோணுது.

ஏன்னு கேளுங்க. மாமாவோட ரெண்டு ஆல்பம் முழுக்க அஜ்மான், ஃபுஜைரா, உம் அல் குவைன், மனாமா. சின்ன வயசுல பாக்கெட்ல வாங்குவோமே... அப்பல்லோ ராக்கெட், ரோஜாப்பூ, ஒலிம்பிக்ஸ்னு பளபளன்னு இருக்கும், அதேதான். 1960கள்லயும் 70களோட ஆரம்பத்துலயும் அந்தக் குட்டி நாடுகள் பேரைப் போட்டு ஏஜெண்டுகள் சேகரிப்பாளர்களுக்காகவே அச்சடிச்சுத் தள்ளினது. மிஹெல் இதுக்கெல்லாம் நம்பரும் விலையும் போடும். ஸ்டான்லி கிப்பன்ஸ் இதுல பெரும்பாலானதைப் பின்னிணைப்புல தள்ளி விலையே போடாது. ஸ்காட் நிறையத் தலைகளைப் பட்டியல்லயே சேர்க்கலை. ஒரே தலை. ஒரு புத்தகத்துல காசு, ஒண்ணுல ஓரம், ஒண்ணுல ஆளே இல்லை! மாமா என்ன செஞ்சிருந்தார் தெரியுமா? கிப்பன்ஸ்ல விலை இல்லாத இடத்துல எல்லாம் மிஹெல் விலையை எடுத்துப் போட்டிருந்தார். அவர் மட்டுமா? நாம எல்லாருமே எந்தப் புத்தகம் நமக்கு அதிகமாச் சொல்லுதோ அதைத்தானே நம்பறோம்?

அடுத்தது குறைந்தபட்ச விலை. எவ்வளவு சாதாரணத் தலையா இருந்தாலும் கேட்லாக்ல ஒரு அடிமட்ட விலை இருக்கும். அது அந்தத் தலையோட மதிப்பு இல்லீங்க. கடைக்காரர் அதைத் தேடி எடுத்து, கவர்ல போட்டு, உங்க கையில கொடுக்கற வேலைக்கான கூலி. அது 10 பென்ஸ்னே வெச்சுக்குவோம். வீட்டுக் கடிதத்துலேர்ந்து ஊற வெச்சு எடுத்த 3,000 தலை இருந்தா நோட்டுல 300 பவுண்டு ஏறிடும். நிஜத்துல? எடை போட்டு வாங்கினா அதிர்ஷ்டம்.

அப்புறம் நிலைமை. கிப்பன்ஸ்ல ஆறாம் ஜார்ஜ் காலத்துலேர்ந்து மின்ட் விலைன்னா, ஹிஞ்ச் ஒட்டாத, பசை கலையாத தலைக்கு. மாமா எல்லாத்தையும் ஹிஞ்ச் போட்டுத்தான் ஒட்டியிருந்தார். திருச்சி வெயில்ல பாதி பசை ஆல்பத் தாளோட ஐக்கியம். அவர் பொக்கிஷமா வெச்சிருந்தது 1948 ஆகஸ்ட் 15ல வந்த காந்தி செட். 1½ அணா, 3½ அணா, 12 அணா, 10 ரூபாய், நாலும் சுவிட்சர்லாந்துல கூர்வாசியே அச்சகத்துல அடிச்சது. டீலர் 10 ரூபாய்த் தலையை லென்ஸ்ல வெச்சு ரொம்ப நேரம் பார்த்தார். அதுல போலி நிறைய உண்டு. "ஒரிஜினல்தான் சார். ஆனா பின்னாடி ஹிஞ்ச், ஓரத்துல பழுப்பு. நான் சொன்ன காசே இந்த நாலுக்காகத்தான்"னார். மாமா நோட்டுல முழு விலை போட்டிருந்தார்.

அதே 10 ரூபாய் காந்தியில 'சர்வீஸ்'னு மேலச்சு அடிச்சது வெறும் 100தான். அதுல ஒட்டியிருந்த 4 தலை 2017ல 5 லட்சம் பவுண்டுக்கு வித்துது. செய்தியைப் பார்த்தவங்க எல்லாம் பரண்ல ஏறினாங்க. அந்த 4 தலைக்கும் உங்க ஆல்பத்துக்கும், நம்ம முதலமைச்சருக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம்தான்.

"ஒரு வீட்டுக் கதையைப் பெருசாக்குறீங்களே"ன்னு கேப்பீங்க. ஸ்பெயின்ல அஃபின்சா, ஃபோரம் ஃபிலடேலிக்கோன்னு ரெண்டு கம்பெனி. தபால்தலையை முதலீடுன்னு சொல்லி, இன்ன தேதியில இன்ன விலைக்குத் திருப்பி வாங்கிக்கிறோம்னு லட்சக்கணக்கான ஜனங்ககிட்ட சேமிப்பை வாங்கினாங்க. 2006 மே மாசம் போலீஸ் உள்ளே போனப்பதான், காகிதத்துல எழுதின மதிப்பும் நிஜ மதிப்பும் பக்கத்துல பக்கத்துல கூட நிக்காதுன்னு ஊருக்குத் தெரிஞ்சது. 2016ல அஃபின்சா நிர்வாகிகளுக்குச் சிறைத்தண்டனை. அவ்வளவு தூரம் ஏன்? தபால்தலையை முதலீடா வித்துக்கிட்டிருந்த ஸ்டான்லி கிப்பன்ஸோட குர்ன்சி கம்பெனியே 2017 நவம்பர்ல திவால் நிர்வாகி கைக்குப் போச்சு. கேட்லாக் போடற வீட்டுக்கே இந்தக் கதின்னா, நம்ம நோட்டு எந்த மூலைக்கு?

அப்ப கேட்லாக்கே வேணாமான்னா, தாராளமா வேணும். 1949ல வந்த தொல்பொருள் வரிசையில 1 அணா போதிசத்துவர் தலை ஒண்ணு உண்டு. படம் இடவலம் மாறி அச்சாயிடுச்சு. 1950ல சரி பண்ணி மறுபடி விட்டாங்க. கேட்லாக் இல்லேன்னா ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சு ஒண்ணை யாருக்காவது தூக்கிக் கொடுத்திருப்பேன். நீர்க்குறி, துளை அளவு, நிறம், வெளியான தேதி... இதுக்கெல்லாம் அதை விட்டா வேற கதியில்லை. ரெண்டு பேர் தலை மாத்திக்கும்போதும் விலையை அளவுகோலா வெச்சுக்கலாம், தப்பில்லை. ஆனா ரெண்டு பேரும் ஒரே புத்தகம், ஒரே வருஷம் பார்க்கணும். நீங்க மிஹெல்ல கொடுத்து நான் கிப்பன்ஸ்ல வாங்கினா, நாம மாத்திக்கிறது தலை இல்லை, தலைவலி.

நான் கேக்கறது ரெண்டே விஷயம். "கேட்லாக் விலையில 40 சதவீதம்தான் சார்"னு யாராவது விக்க வந்தா, அது தள்ளுபடின்னு மயங்காதீங்க. போன மாசம் இதே தலை ஏலத்துல என்ன விலைக்குப் போச்சுன்னு கேளுங்க. ரெண்டாவது, உங்க ஆல்பத்துல கேட்லாக் விலையைக் கூட்டி மொத்தம் எழுதாதீங்க. ஒவ்வொரு தலைக்குக் கீழேயும் நீங்க கொடுத்த காசையும் வாங்கின வருஷத்தையும் பென்சில்ல எழுதுங்க. நான் ஆரம்பிச்சுட்டேன். பார்க்கக் கொஞ்சம் கேவலமாத்தான் இருக்கு, நிறைய இடத்துல ஏமாந்திருக்கேன். இருந்தாலும் எனக்கப்புறம் அதைப் பார்க்கப் போறது என் பொண்டாட்டி. அவளை யாரும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பி வைக்கக் கூடாது.

அத்தைக்கு ஆபரேஷன் ஆயிடுச்சு. மச்சான் பி.எஃப். லோன் போட்டான், நாங்க கொஞ்சம் சேர்த்தோம். ஆல்பத்தை விக்கலை. அந்தக் கணக்கு நோட்டை மட்டும் நான் வாங்கிட்டு வந்துட்டேன்.

டிஸ்கி: எந்த டீலர்னு பின்னூட்டத்துல கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். மூணு பேருமே நியாயமானவங்கதான். அதான் வருத்தமே.